வாளிக்குள் ஒரு தோட்டம்

நீர் நிறைந்த வாளியில் நின்ற செடி, நீரின்றி வாடிய செடியைப் போலத் தலை சாய்ந்து மடிந்தது என்றால் நேயர்கள் நம்புவது அரிது. ஆயினும் தில்லியில் நாங்கள் குடியிருக்கும் மூன்றாம் மாடி வீட்டின் பால்கனியில் சில ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது அதுவே. ஊரிலிருந்து அம்மா முந்தானையில் முடிந்து கொண்டுவந்த நாட்டுத் தக்காளி விதையில் ஒரு பகுதியை, மண்ணே இல்லாமல், உப்புகளைக் கரைத்த நீரில் வளர்த்து வந்தோம். செடி இடுப்பளவு உயர்ந்து பூவும் விட்டது. தீபாவளிக்கு ஊர் செல்லும் நாளன்று, பன்னிரண்டு நாள் அது தாகத்தால் தவிக்கக் கூடாதே என்ற பரிவினால் வாளியை விளிம்புவரை நிரப்பிவிட்டு இரயிலேறினோம். திரும்பி வந்து மூடியைத் தூக்கியபோது, நீர் ஏறக்குறைய வைத்தபடியே இருந்தது. வேர்கள் பழுப்பேறி, தொட்ட இடத்தில் கையோடு வந்தன. செடி நீரைக் குடிக்கவே இல்லை.

அது ஏன் என்பதை அறிந்துகொள்ள எங்களுக்குப் பல நாள் ஆயிற்று. அந்தக் காரணத்தை அறிந்தவர்க்கு வாளித் தோட்டத்தில் பாதி கைவந்தது எனலாம். மறுபாதி, உப்புகளைக் கலக்கும் முறையில் இருக்கிறது.

இத்தகைய தோட்டத்தை நாடவேண்டிய அவசியம் என்ன என்று சிலர் கேட்கலாம். பிற மாநிலங்களில் வாழும் நம்மவரில் மிகப் பலர் வாடகை வீட்டில் இருப்பவர்கள். மண் தொட்டிகள் பாரம் மிகுந்தவை. நீர் ஊற்றினால் சேறு வடிந்து கீழ்வீட்டுச் சுவரைக் கறைப்படுத்துவதும், அவ்வீட்டு அம்மாள் மாடியேறி வந்து முறையிடுவதும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பதும் நாம் அறிந்தவையே. அலுவலகத்தில் மாற்றல் உத்தரவு வந்துவிட்டால் தொட்டிகளை யார் தலையில் கட்டுவது? வாளியோ, நீரைக் கொட்டிவிட்டால் வெறும் வாளிதான். ஒன்றனுள் ஒன்றை அடுக்கி வண்டியில் ஏற்றிவிடலாம். எனினும் செலவு மிச்சமாகும் என்று எண்ணி ஒருவரும் இதில் இறங்க வேண்டாம். கீரைக்காரியிடம் வாங்கும் கட்டு இதைவிட மலிவு.

மண்ணின்றிச் செடி வளர்க்கும் எண்ணம் புதியதன்று. 1699ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜான் உட்வர்ட் என்பவர் புதினாச் செடியை மழைநீரிலும் ஆற்று நீரிலும் கலங்கல் நீரிலும் வைத்து, தெளிந்த நீரைவிடக் கலங்கிய நீரில் அது செழிப்பதைக் கண்டார். 1860ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜெர்மனியில் சாக்ஸ், நாப் ஆகியோர், அந்தக் கலங்கலில் செடிக்கு வேண்டியவை இன்னின்ன உப்புகளே என்று பிரித்துக் காட்டினார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கெரிக் என்பார் இதனை ஆய்வுக்கூடத்தினின்று வெளியே கொணர்ந்தார். 'ஹைட்ரோபோனிக்ஸ்' என்ற பெயர் 1937இல் வழக்குக்கு வந்தது. அப்போது எழுந்த ஆரவாரத்தைக் கண்டு, அதே பல்கலைக்கழகத்தின் ஹோக்லண்ட், ஆர்னன் என்னும் இருவர் 1938இல் ஒரு சிறு வெளியீட்டில் நிதானமாக எழுதினார்கள்: நல்ல மண் தரும் விளைவைவிட நீர்ச் சாகுபடி தரும் விளைவு மிகுந்ததன்று என்பது அவர்கள் முடிவு. அவர்கள் வகுத்த உப்புக் கலவையே இன்றும் உலகெங்கும் அடிப்படையாக விளங்குகிறது. நாம் கீழே சொல்லப்போவதும் அதனைத் தழுவியதே.

நம் நாட்டிலும் இதற்கு ஒரு வரலாறு உண்டு. இமயத்தின் அடிவாரத்தில், டார்ஜிலிங்கை அடுத்த காலிம்பாங்கில், 1946ஆம் ஆண்டளவில் ஷோல்டோ டக்ளஸ் என்பவர் இந்த முறையை ஏழை எளியவர்க்கும் ஏற்றதாக்க முற்பட்டார். மின்விசைப் பொறி வேண்டாம், விலையுயர்ந்த தொட்டி வேண்டாம். கல்லும் மணலும் நிரப்பிய பெட்டியில் உலர்ந்த உப்புக் கலவையைத் தூவி நீர் தெளித்தால் போதும் என்பது அவர் கண்ட வழி. 1951இல் வெளிவந்த அவருடைய நூல் அதனை 'வங்காள முறை' என்றே பெயரிட்டது. கல்கத்தாவில் வாழும் நம் நேயர்கள் இதை அண்டை வீட்டாரிடம் சற்றுப் பெருமையுடனேயே சொல்லிக் கொள்ளலாம்.

இனி விஷயத்திற்கு வருவோம். வயலில் மண் என்ன செய்கிறது? சத்துகளைச் சேர்த்து வைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கிறது. நாம் ஒரு கைப்பிடி அதிகமாக இட்டாலும் பெரும்பகுதியைத் தன்னிடம் நிறுத்திக் கொள்கிறது. அதன் துகள்களுக்கு இடையே காற்றும் இருக்கிறது. வாளியில் இம்மூன்று வேலைகளும் நம்முடையவை ஆகின்றன. மண் நம் பிழைகளை மன்னிப்பது போல நீர் மன்னிப்பதில்லை.

முதலில் உப்புகளைப் பார்ப்போம். பெயரைக் கேட்டு அஞ்ச வேண்டாம். சில நம் வீட்டுக்குப் பழையவை. பொட்டாசியம் நைட்ரேட் என்பது வெடியுப்பு. மக்னீசியம் சல்பேட் என்பது பாட்டிமார் காலத்துப் பேதியுப்பு. செம்புச் சல்பேட் மயில்துத்தம். போரிக் அமிலம், கேரம் பலகையில் தூவும் மாவில் இருப்பது. இவற்றோடு கால்சியம் நைட்ரேட், மோனோ பொட்டாசியம் பாஸ்பேட், இரும்புச் சத்து ஆகியவையும் வேண்டும். உரக்கடைகளில், நீரில் முழுதும் கரையும் உரங்கள் என்ற பெயரில் இவற்றுள் பெரும்பாலானவை ஒரு கிலோ பைகளாகக் கிடைக்கின்றன. வெடியுப்பை 13:0:45 என்றும், பாஸ்பேட்டை 0:52:34 என்றும் எண்ணால் கேட்டால் கடைக்காரர் எளிதில் எடுத்துத் தருவார். நுண்சத்து உப்புகளைத் தில்லிவாசிகள் காரி பாவ்லியை அடுத்த திலக் பஜாரில் தேடலாம். 19:19:19 என்ற பை ஒன்றே போதும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். அதில் கால்சியம் இல்லை. நைட்ரஜனின் பெரும்பகுதி யூரியா வடிவில் இருக்கிறது. யூரியாவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் மாற்றித் தந்த பிறகே செடி நன்கு பயன்படுத்திக் கொள்ளும். வாளியில் அந்த நுண்ணுயிர்கள் போதிய அளவில் இல்லை.

இப்போது நாங்கள் செய்த முதல் தவற்றைச் சொல்கிறோம். ஒரு புட்டி மிச்சமாகட்டும் என்று எல்லா உப்புகளையும் ஒரே புட்டியில் அடர்த்தியாகக் கரைத்தோம். சிறிது நேரத்தில் பால் திரிந்தது போல நீர் வெளுத்து, அடியில் வெண்பொடி படிந்தது. குலுக்கிக் குலுக்கி ஊற்றினோம். செடிகளின் இளந்தளிர்கள் ஓரம் கருகிச் சுருண்டன. நிகழ்ந்தது என்னவெனில், கால்சியமானது சல்பேட்டோடு சேர்ந்து ஜிப்சமாகவும், பாஸ்பேட்டோடு சேர்ந்து கரையாத கால்சியம் பாஸ்பேட்டாகவும் மாறிவிட்டது. கல்லாய்ப் போனதை வேர் உறிஞ்சுமா? சத்து புட்டியில் இருந்தது, செடிக்கு எட்டவில்லை. இவை நிறைய நீரில் பரவிக் கிடக்கும்போது ஒன்றோடொன்று சேர்ந்து படிவதில்லை. அடர்ந்த நிலையில் சந்தித்தால்தான் கேடு. ஆகவே இரண்டு புட்டிகள் இன்றியமையாதவை. எங்கள் வீட்டில் ஒன்றுக்குச் சிவப்பு மூடி, மற்றதற்கு நீல மூடி.

சிவப்பு மூடிப் புட்டியில் முக்கால் லிட்டர் நீரை எடுத்து, 100 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைக்க வேண்டும். கரையும்போது நீர் குளிர்வதைக் கையால் உணரலாம். பிறகு 2.5 கிராம் இரும்பு இ.டி.டி.ஏ. சேர்த்து, மொத்தம் ஒரு லிட்டராக நிரப்ப வேண்டும். ஏன் சாதாரண இரும்பு உப்பு ஆகாது? அது நீரில் விரைவில் துருவாகிப் படிந்துவிடும். இ.டி.டி.ஏ. என்பது இரும்பை இடுக்கி போலப் பற்றிக்கொண்டு, கரைந்த நிலையிலேயே வேர்வரை கொண்டு சேர்ப்பது. நீல மூடிப் புட்டியில் வெடியுப்பு 50 கிராம், பேதியுப்பு 50 கிராம், பாஸ்பேட் 14 கிராம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் கரைத்து, நுண்சத்து நீர் 100 மில்லி சேர்த்து, இதையும் ஒரு லிட்டராக்க வேண்டும்.

அந்த நுண்சத்து நீர் வருமாறு: ஒரு லிட்டர் நீரில் போரிக் அமிலம் 2.86 கிராம், மாங்கனீஸ் குளோரைடு 1.81 கிராம், துத்தநாகச் சல்பேட் 0.22 கிராம், மயில்துத்தம் 0.08 கிராம், மாலிப்டிக் அமிலம் 0.02 கிராம். இவ்வளவு சிறு எடையைச் சமையலறைத் தராசு காட்டாது. நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற சிறு தராசு வேண்டும். அதுவும் நம்பத்தக்கதாக இல்லையெனில் ஒரு வழி உண்டு: 0.8 கிராம் மயில்துத்தத்தை 100 மில்லி நீரில் கரைத்து, அதிலிருந்து 10 மில்லி மட்டும் எடுத்தால் அதில் 0.08 கிராம் இருக்கும். ஒரு சிட்டிகைதானே என்று கண்ணளவில் போடுவது இங்கே ஆகாது. முழு வலிமையுள்ள கரைசலில் ஒரு லிட்டருக்கு இருக்கவேண்டிய செம்பு 0.02 மில்லிகிராம் மட்டுமே. ஒரு சிட்டிகை மயில்துத்தம் வாளி முழுவதையும் நஞ்சாக்கிவிடும். இந்தத் தொல்லை வேண்டாதவர்கள் மண்ணில்லாச் சாகுபடிக்கென்றே விற்கும் நுண்சத்துக் கலவையை வாங்கிக் கொள்ளலாம். இலைமீது தெளிப்பதற்கென விற்பது வேறு, அது வேண்டாம்.

வாளியில் முதலில் நீரை ஊற்ற வேண்டும். பின்பு சிவப்புப் புட்டியிலிருந்து லிட்டருக்கு 5 மில்லி அளந்து விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். அதன் பிறகே நீலப் புட்டியிலிருந்து அதே அளவு. பதினைந்து லிட்டர் வாளிக்கு ஒவ்வொன்றிலும் 75 மில்லி ஆகும். கீரைவகைகளுக்கும் புதினாவுக்கும் இந்த அளவு போதும். காய்க்கும் பருவத்துத் தக்காளிக்கு லிட்டருக்கு 10 மில்லி வீதம் கொடுக்கலாம். அளவுக்குவளையை இடையே கழுவாமல் அடுத்த புட்டியில் நுழைக்கலாகாது. இந்தப் பாத்திரங்களைச் சமையலுக்குப் பயன்படுத்தவும் கூடாது. வெடியுப்பும் கால்சியம் நைட்ரேட்டும் தீயைத் தூண்டுபவை. அடுப்படியில் வைக்க வேண்டாம். நைட்ரேட் கலந்த நீர் கைக்குழந்தைகளுக்குப் பெருங்கேடு விளைவிப்பது. எனவே புட்டிகளில் பெயரெழுதி, எட்டாத உயரத்தில் பூட்டி வைப்பது கடமை.

அடுத்தது நீர். தில்லியிலும் வடநாட்டின் பல நகரங்களிலும் ஆழ்குழாய் நீர் கடினமானது. வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளைப் படலம் ஏறுமாயின் அதுவே அடையாளம். அத்தகைய நீரில் கரைசலின் அமிலத்தன்மை குறைந்து, பி.எச். அளவு உயர்ந்துகொண்டே போகும். செடிக்கு உகந்தது 5.5 முதல் 6.5 வரை. அதற்கு மேல் சென்றால் இரும்பு கைவிட்டுப் போய், இளந்தளிர் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற இடமெல்லாம் மஞ்சளாகத் தோன்றும். மீன்தொட்டி விற்கும் கடைகளில் கிடைக்கும் சோதனைச் சொட்டுமருந்தைக் கொண்டு பார்க்கலாம். வடநாட்டு மளிகைக் கடையில் 'நிம்பூ சத்' என்று கேட்டால் தரும் எலுமிச்சை உப்பைச் சிறிது கரைத்து விட்டால் அளவு இறங்கும். ஆனால் நுண்ணுயிர்கள் அதைத் தின்றுவிடுவதால் சில நாளில் மீண்டும் ஏறும். மீண்டும் பார்க்க வேண்டும். மழைநீரைப் பிடித்து வைப்பவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஆர்.ஓ. சுத்திகரிப்புக் கருவி கழித்து வெளியேற்றும் நீரை வீணாக்க மனமில்லாமல் பலர் செடிக்கு ஊற்ற நினைக்கிறார்கள். மூல நீரிலிருந்த உப்பெல்லாம் செறிந்து நிற்பது அந்தக் கழிநீரில்தான். தரை துடைக்க அது நன்று, வாளிக்கு ஆகாது. குடிப்பதற்கென வடிந்த நீர் மிக ஏற்றது. குழாய் நீரோடு அதைப் பாதிக்குப் பாதி கலந்தாலே போதும்.

இனி வாளி. பதினைந்து அல்லது இருபது லிட்டர் கொள்ளும், மூடியுள்ள பிளாஸ்டிக் வாளி வேண்டும். ஒளி ஊடுருவக் கூடாது. ஊடுருவினால் உள்ளே பாசி பிடித்துச் செடியின் உணவைப் பங்கு கேட்கும். வெயிலில் நிற்பதாயின் வெளிப்புறம் வெள்ளை வண்ணம் பூசுவது நலம். மூடியில் ஒரு வட்டத்துளை இட்டு, அதில் அடியும் பக்கமும் துளையிட்ட சிறு கிண்ணத்தைத் தொங்கவிட வேண்டும். கீரைக்கு இரண்டு அங்குலக் கிண்ணம், தக்காளிக்கு மூன்று அங்குலம். கிண்ணத்தில் கழுவிய செங்கல் துண்டுகளோ கருங்கல் சல்லியோ போடலாம். தில்லிப் பக்கம் எளிதில் அகப்படும் சலவைக்கல் துண்டு ஆகாது; அது சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் நுரைக்கும். தேங்காய் நார்த்தூளில் முளைத்து மூன்று நான்கு இலை விட்ட நாற்றை இந்தக் கற்களுக்கு நடுவே நிறுத்தி, கிண்ணத்தின் அடி கரைசலில் ஒரு விரற்கடை நனையுமாறு நீர்மட்டத்தை வைக்க வேண்டும்.

இதன் பிறகு செய்ய வேண்டியது ஏறக்குறைய ஒன்றுமில்லை. இங்கேதான் நாங்கள் தவறினோம். செடி குடிக்கக் குடிக்க மட்டம் இறங்குகிறது. கிண்ணத்துக்கும் நீருக்கும் இடையே ஈரக்காற்று நிறைந்த வெற்றிடம் ஒன்று உண்டாகிறது. அந்த இடத்தில் செடி வேறு வகை வேர்களை விடுகிறது. அவை நுண்ணிய மயிர்கள் அடர்ந்து, காற்றிலிருந்து பிராணவாயுவை ஏற்பவை. கீழே நீரிலுள்ள வேர்கள் நீரையும் உப்பையும் கவனிக்க, மேலே உள்ளவை மூச்சைக் கவனிக்கின்றன. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிராட்கி என்பவர் இதையே ஒரு முறையாக வகுத்தார். இறைக்கும் பொறியோ மின்சாரமோ அதற்குத் தேவையில்லை. நாங்கள் பரிவோடு வாளியை நிரப்பியபோது அந்த மூச்சு வேர்கள் அனைத்தும் மூழ்கின. மூச்சில்லாத வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கிறது. ஆகவே செடி நீர் நடுவே தாகத்தால் மடிந்தது. இறங்கிய மட்டத்தைச் சற்று உயர்த்தலாம். வாளியில் பாதிக்கு மேல் போக விடலாகாது.

வெப்பமும் இதே வழியில்தான் கேடு செய்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள நீர் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும்; 30 டிகிரியில் அது ஏழரை ஆகிவிடும். வேரின் தேவையோ வெப்பத்தில் கூடுகிறது. அழுகல் நோயும் அப்போதுதான் பற்றுகிறது. ஆகவே தில்லி, நாகபுரி போன்ற இடங்களில் சித்திரை, வைகாசி, ஆனி மாதங்களில் வாளித் தோட்டத்தை நிறுத்திவிடுவதே எங்கள் கருத்து. ஈரச் சாக்கு சுற்றிக் காப்பாற்றுவோரும் உண்டு. வெயில் பொறுக்கும் பயிர் ஒன்று வேண்டுமாயின் வள்ளைக்கீரையை நடலாம். வங்காளிகள் 'கல்மி' என்று விரும்பி உண்பது அதுதான்; இயல்பிலேயே நீரில் படர்வது. மீன்தொட்டிக்கு உரிய காற்றுக் குழாயும் குமிழிக் கல்லும் வைத்தால் வாளி நிறையவே நீர் வைக்கலாம். ஆயின் மின்சாரம் நெடுநேரம் நின்றால் பழைய ஆபத்து திரும்பும்.

கொசுவை மறக்கலாகாது. மூடிக்கும் கிண்ணத்துக்கும் இடையே விரல் நுழையும் இடுக்கு இருந்தால் டெங்கு பரப்பும் கொசுவுக்கு அதுவே போதும். அது தெளிந்த, தேங்கிய நீரையே தேடி முட்டையிடுவது. கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி நுண்வலைத் துணியை ஒட்டி, வாரம் ஒருமுறை மூடியைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பயிர் முடிந்தபின் எஞ்சிய கரைசலைச் சாக்கடையில் கொட்டாமல் தெருமரத்தின் அடியில் நீர் கலந்து ஊற்றலாம். கீரையைப் பறிக்கும் முன் மூன்று நான்கு நாள் வெறும் நீரில் நிறுத்துவது எங்கள் வழக்கம். இலையில் தேங்கிய நைட்ரேட் ஓரளவு குறையும்.

அம்மா கொடுத்த விதையில் மீதி இருந்ததை மறு ஆண்டு ஆவணியில் விதைத்தோம். அந்த முறையும் தீபாவளிக்கு ஊர் சென்றோம். வாளியில் பாதிக்கு மேல் நீர் வைக்கவில்லை. மட்டத்தைக் காட்ட வெளிப்புறம் கோடு ஒன்று கிழித்து, அதற்குக் கீழ் நான்கு விரல் இறங்கினால் மட்டும் கோடுவரை ஊற்றும்படி கீழ்வீட்டு அம்மாளிடம் சாவியையும், கலந்து வைத்த கரைசல் பீப்பாயையும் ஒப்படைத்தோம். அவர் இரண்டு முறை ஊற்றியதாகச் சொன்னார். கார்த்திகைக் கடைசியில் முதற்பழம் சிவந்தது. அப்போது எங்களோடு தங்கியிருந்த அம்மா அதை அரிந்து வாயிலிட்டுப் பார்த்து, புளிப்பு சற்றுக் குறைவு என்றார். இரண்டாம் பழத்தைக் கீழ்வீட்டுக்கு அனுப்பினோம். மூன்றாவதை விதைக்கென்று அம்மா செடியிலேயே விட்டுவைக்கச் சொன்னார்.